அவரைக்கு ஊற்றிய குடம்

"இன்னைக்கு நீ கத்தரிக்குக் குளி ஆத்தா" என்று தங்கத்தாய் மகளிடம் சொன்னாள். "நேத்து உங்கய்யா பூசணிக்குக் குளிச்சிட்டாரு. நான் பொழுதடைய அவரைக்குக் குளிச்சிக்கிறேன்."

அந்த வீட்டில் குளிப்பதற்கென்று ஓர் இடம் கிடையாது. ஓலைத் தட்டி அடைத்த கொல்லையில் ஒரு பனம்பலகை உண்டு. அது இன்று கத்தரிப் பாத்தியில் கிடக்கும், நாளை பாகல் பந்தலுக்கு அடியில் கிடக்கும். யார் குளித்தாலும் அதன் மேல் குத்தவைத்துத்தான் குளிக்க வேண்டும். மேலில் விழுந்த தண்ணீர் பலகையில் வடிந்து செடியின் தூருக்குப் போய்விடும். சோப்புக்குத் தடை. பொங்கலுக்கு வந்த மருமகன் மணக்க மணக்க ஒரு சோப்பைப் போட்டுக் குளித்துவிட்டுப் போனான். அந்த வாரமே அந்தப் பாத்தி மிளகாய்ச் செடிகள் வெளுத்து நின்றன. வேறு யாராவது செய்திருந்தால் தங்கத்தாய் வாயில் விழுந்து எழுந்திருக்க முடியாது. மருமகனாகப் போனதால் செடியோடு போயிற்று.

மகள் காளீஸ்வரி தலைப்பிரசவத்துக்கு மல்லாங்கிணற்றிலிருந்து வந்திருந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு பலகையில் உட்கார அவளுக்குச் சிரமமாக இருந்தது.

"ஏம்மா, இது குளிக்கிறதா, தண்ணி பாய்ச்சுறதா?"

"ரெண்டுந்தான். ஆடாம உக்காரு, பாத்தியை விட்டு வெளிய தெறிக்குது பாரு."

எண்பத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம். திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிற குருந்தங்குளத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றி அது மூன்றாவது வருஷம். கரிசலில் போட்ட கொத்தமல்லியும் பருத்தியும் முளைத்த இடத்திலேயே கருகின. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மழை ஒரு வருஷம் முந்தும், ஒரு வருஷம் பிந்தும், அது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. ஆனால் காலமே மாறிவிட்டது என்று ஆட்கள் பேசத் தொடங்கியது அப்போதுதான். "மேகம் வருது, எட்டிப் பாக்குது, நேரா கடலுக்குப் போயிப் பெய்யுது. கடல்ல எவன் வெதச்சிருக்கான்?" என்பார் தங்கத்தாயின் புருஷன் தவசி. அவர் காட்டை நம்புவதை விட்டுவிட்டு, சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடப் போய்விட்டார்.

வீரசோழன் சந்தைக் கடையில் கத்தரிக்காய் விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு பஸ் ஏறி வந்த அன்றுதான் தங்கத்தாய் கொல்லையைக் கொத்தினாள். வற்றிய கண்மாயிலிருந்து கரம்பை மண்ணைச் சுமந்து கொட்டினாள். தூரைச் சுற்றிக் கடலைத் தொலியைப் பரப்பினாள், ஈரத்தை வெயில் உறிஞ்சாமல் இருக்க. வாய் உடைந்த கலயங்களின் அடியில் துளை போட்டு, துணித்திரி செருகி, அவரைக்கு நடுவில் புதைத்தாள். கலயத்தில் ஊற்றிய தண்ணீர் வேருக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கும். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு செடியாகச் சாகக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டாள். முதலில் சிரித்த தெருக்காரிகள், பந்தலில் பாகல் தொங்கியதும் விதை கேட்டு வந்தார்கள்.

பாத்திரம் கழுவிய தண்ணீர், கை கழுவிய தண்ணீர் எல்லாம் செடிக்குப் போயின. கடைசியில் அரிசி கழுவிய கழனித் தண்ணீரும் போனது. சண்டை அங்கேதான் பிறந்தது.

பக்கத்து வீட்டு ஜக்கம்மாளுக்குப் புருஷன் இல்லை, ஓர் எருமை இருந்தது. மாடு இல்லாத வீட்டுக்காரர்கள் கழனித் தண்ணீரை மாடு இருக்கிற வீட்டுத் தொட்டியில் ஊற்ற வேண்டும் என்பது அந்தத் தெருவின் வழமை. அதற்குப் பதிலாக எப்போதாவது ஒரு செம்பு மோர் வரும். அந்தக் கழனியிலும், ஊர் சுற்றிப் பொறுக்கிய காய்ந்த சோளத்தட்டையிலும்தான் எருமை உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றது. தங்கத்தாயைப் பார்த்து மற்ற வீடுகளும் கழனியைச் சுரைக்கொடிக்குத் திருப்பிவிட, தொட்டி காய்ந்துபோயிற்று.

ஜக்கம்மாள் ஒரு நாள் தட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டாள்.

"ஏன் மதினி, கழனியை நிறுத்திட்டியே, எருமை என்ன பாவம் செஞ்சுச்சு?"

"என்னத்தச் செய்ய மதினி? செடி வாடுது."

"செடி வாடுனா வேற செடி வைக்கலாம். எருமை செத்தா நான் எருமைக்கு எங்க போவேன்? ரோட்டுக் கடைக்குப் பால் ஊத்தித்தான் நான் கஞ்சி குடிக்கிறேன். இப்ப மடி சுருங்கிப்போயி காப்படி கறக்க மாட்டேங்குது."

"உன் எருமைக்கு வாய் இருக்கு, ஊர் கேக்கக் கத்துது. என் செடிக்கு வாய் இருக்கா?"

"அதுக்கும் சேத்துத்தான் ஆண்டவன் உனக்கு வாயைக் குடுத்திருக்கானே" என்று சொல்லிவிட்டு ஜக்கம்மாள் போய்விட்டாள். இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. இப்படிப்பட்ட சண்டைதான் சீக்கிரத்தில் தீராது.

ஊரில் குடிதண்ணீருக்கு இருந்தது ஊருணி மட்டும்தான். அதிலும் நடுவில் ஒரு பாய் அகலத்துக்குத்தான் தண்ணீர் கிடந்தது. தை மாதம் ஊர் கூடிக் கையடித்து முடிவு செய்தார்கள்: வீட்டுக்கு இத்தனை குடம் என்று முறை வைப்பது, ஊருணித் தண்ணீர் மனுஷ வாய்க்கும் வீட்டுப் புழக்கத்துக்கும் மட்டும். மாட்டுக்குக் காட்டினாலோ மண்ணில் ஊற்றினாலோ அந்த வீட்டுக்கு மழை பெய்யும் வரை குடம் கிடையாது. கரையில் பூவரசு நிழலில் கம்போடு சோலையைக் காவலுக்குப் போட்டார்கள். புழங்கி மிஞ்சியதை அவரவர் என்ன செய்தாலும் கேள்வி இல்லை. தங்கத்தாயும் கூட்டத்தில் கையடித்தவள்தான்.

மாசி பாதியில் காளீஸ்வரிக்குக் காய்ச்சல் கண்டது. அன்று அவள் குளிக்கவில்லை. தங்கத்தாய் காலையிலேயே பாகலுக்குக் குளித்து முடித்திருந்தாள். தவசி மூட்டம் பற்றவைத்திருந்ததால் வீட்டுக்கு வரவில்லை. கழுவ வேண்டிய பாத்திரமும் இல்லை, கஞ்சிச் சட்டி ஒன்றுதான். மத்தியானம் மேல்காற்று அனலாக அடித்தது. அவரை அப்போதுதான் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. தங்கத்தாய் போய்ப் பார்த்தபோது இலைகள் துவண்டு, பூ உதிர ஆரம்பித்திருந்தது. அவள் வீட்டுக்குள் போனாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். கடைசியில் குடிப்பதற்கு வைத்திருந்த குடத்தைத் தூக்கி வந்து கலயங்களில் ஊற்றினாள். அன்று முழுக்க அவள் தண்ணீர் குடிக்கவில்லை. மகளுக்கு மட்டும் ஒரு செம்பு எடுத்து வைத்திருந்தாள்.

குடம் கவிழ்ந்ததைத் தட்டி இடுக்கு வழியாக ஜக்கம்மாள் பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஊருணிக் கரையில் பெண்கள் வரிசையில் நிற்கும்போது அவள் பொறுக்கமாட்டாமல் வெடித்தாள். "என் எருமை நாக்கு வறண்டு நிக்குது, இவ நல்ல தண்ணியைக் குடத்தோட அவரைக்குக் கவுக்குறா. எங்கண்ணால பாத்தேன்!"

"குளிச்ச தண்ணியை ஊத்துனேன்" என்றாள் தங்கத்தாய். வாயில் முதலில் வந்தது அதுதான்.

"குளிச்ச தண்ணியை எவடி குடத்துல புடிச்சு வப்பா?"

"நான் வப்பேன். உனக்கென்ன?"

"பொய் சொல்லாத மதினி."

"நானா பொய் சொல்றேன்? அய்யனார் கோயில்ல சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டுமா? அணைச்சா என்ன செய்வ?"

யாரும் கேட்காமலே அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. கோபம் வந்தால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சாமிதான் கைக்கெட்டிய கம்பு. முறை பார்க்க வந்திருந்த ஊர்த்தலைவர் மாரிக்கண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார்.

"சரி ஆத்தா. நீயே சொல்லிட்ட. வெள்ளிக்கிழமை அணைச்சிரு. அணைச்சிட்டா ஜக்கம்மா உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அணைக்கலன்னா ஊர்க் கட்டுப்பாடு என்னமோ அதுதான்."

தங்கத்தாய் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். பாதி வழி வந்த பிறகுதான் மகளின் வயிறு ஞாபகத்துக்கு வந்தது.

பொய்ச் சூடம் அணைத்த வீட்டில் முதலில் கலைவது வயிற்றுப் பிள்ளை என்பது அந்த ஊர் நம்பிக்கை. நம்பிக்கை என்று நாம் எழுதுகிறோம். அவர்களுக்கு அது மாசி வெயில் சுடும் என்பது மாதிரியான விஷயம்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் கம்பங்கூழும் அவரைக்காய்ப் பொரியலும் எடுத்துக்கொண்டு கண்மாய்க்குள் மூட்டம் போட்டிருந்த இடத்துக்குப் போனாள். மண் பூசிய மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. தவசி மண்வெட்டியோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். எங்காவது விரிசல் விட்டுக் காற்று உள்ளே போனால், கரியாக வேண்டியது சாம்பலாகிவிடும்.

"வச்சிட்டுப் போ புள்ள. இன்னும் வெள்ளைப் புகையா வருது. இப்ப கண்ணை எடுக்க முடியாது."

அவள் போகவில்லை.

"என்ன நிக்கிற?"

"நாளைக்கு அணைக்கணும்."

"அணை. செய்யாதவளுக்கு என்ன பயம்?"

அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள். "ஊத்துனேங்க."

"எதை?"

"நல்ல தண்ணியைத்தான். ஒரு குடம். காளிக்குக் காச்ச அடிச்சுதுல்ல, அன்னைக்கு. பூவெல்லாம் உதுந்துச்சு. கை பொறுக்கல."

தவசி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்தார்.

"இதை ஏன் எங்கிட்டச் சொன்ன?"

"வேற யாருகிட்டச் சொல்ல?"

"அட கூறுகெட்டவளே. நீ சொல்லாம இருந்திருந்தா நாளைக்கு நானே போயி அணைச்சிருப்பேன். வீட்டுக்காரன் அணைச்சாச் செல்லும். எனக்கு ஒண்ணும் தெரியாது, எம்மேல குத்தம் கிடையாது, சாமியும் கேக்காது. இப்பத் தெரிஞ்சுபோச்சே!"

தங்கத்தாய்க்கு அது தோன்றவே இல்லை. இருந்த ஒரே சுத்தமான வழியைத் தானே அடைத்துவிட்டோம் என்று புரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் குடிக்க வேண்டிய தண்ணியைத்தான ஊத்துனேன். அன்னைக்கு ஒரு மடக்கு குடிக்கலங்க."

"அதைச் சாமி ஒத்துக்கிரும். ஊர் ஒத்துக்கிருமா? வாயிக்கும் புழக்கத்துக்கும் மட்டுந்தான்னு கையடிச்சோம்ல?"

"அப்ப ஒத்துக்கிட்டுப் போயிரவா?"

"ஒத்துக்கிட்டா குடத்தை நிறுத்திருவாக. பிள்ளத்தாச்சியை வச்சிக்கிட்டு எங்க போயித் தண்ணி எடுப்ப? நரிக்குடி வரைக்கும் நடப்பியா?"

"பொய்யா அணைச்சா?"

அந்த நேரம் பார்த்து மூட்டத்தின் மறுபக்கம் குபுக்கென்று தீ வாய் திறந்தது. இருவரும் ஓடினார்கள். அவர் மண்வெட்டியால் வெட்டி வெட்டிக் கொடுக்க, இவள் இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அப்பினாள். கண் எரிந்தது, முழங்கை மயிர் பொசுங்கியது. தீயை அடைத்து முடித்தார்கள். கூழில் கரித்தூள் விழுந்து மிதந்தது. தவசி அதை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தார்.

"நீ ஒண்ணும் பேசாத. நாளைக்கு எம் பின்னால வந்து நில்லு, போதும்" என்றார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய ஊர் கோயிலில் கூடியது. காளீஸ்வரியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்; வாயும் வயிறுமாக இருப்பவள் அய்யனார் முன்னால் வரக்கூடாது. கிளம்பும்போது அவள் கேட்டாள், "ஏம்மா முகம் ஒரு மாதிரி இருக்கு? நாமதான் ஒண்ணும் செய்யலயே?" தங்கத்தாய் படலைச் சாத்திவிட்டு வந்தாள்.

பூசாரி கல்லின் மேல் வெற்றிலை வைத்து, அதில் சூடத்தை வைத்தார். ஜக்கம்மாள் ஒரு ஓரமாக நின்றாள். அவளுக்கும் முகத்தில் ரத்தம் இல்லை.

மாரிக்கண்ணன் கேட்டார், "யாரு அணைக்கிறது?"

"நான் அணைக்கிறேன் மாமா" என்று தவசி முன்னால் வந்தார்.

"வீட்டுக்காரன் அணைச்சாச் சரிதான். என்ன சொல்லி அணைக்கணும்னு தெரியும்ல? எங்க வீட்டுல ஊருணித் தண்ணி, புழங்காத நல்ல தண்ணி, செடிக்கு ஊத்தல. அதைச் சொல்லி அடிச்சு அணைச்சிரு."

சூடம் எரிந்தது. தவசி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு குனிந்தார். கரி ஏறிய அந்தக் கையைத் தங்கத்தாய் பார்த்தாள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்தக் கருப்பு போகாது. பூசணிக்குக் குளித்த அன்றும் அவளே புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். இந்த மனுஷன் தெரிந்தே செய்கிறார். சாமி குற்றத்தைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார். அது அவர் தலையோடு நிற்காது, மகள் வயிற்றுக்குத்தான் போகும்.

"எங்க வீட்டுல..." என்று தவசி ஆரம்பித்துவிட்டார். கை சூடத்துக்கு மேலே வந்துவிட்டது.

"ஒரு குடம்!" என்று கத்தினாள் தங்கத்தாய்.

கை அந்தரத்தில் நின்றது.

"ஒரு குடம் ஊத்துனேன். நாந்தான் ஊத்துனேன். அவருக்குத் தெரியாது. பூ உதுந்துச்சு, பாக்கப் பொறுக்கல. ஜக்கம்மா சொன்னது நெசந்தான். நான் சொன்னதுதான் பொய்."

சூடம் தானாக எரிந்து அணைந்தது. தவசி கல்லருகே அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கோபமா நிம்மதியா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கூட்டம் சலசலத்தது. குடத்தை நிறுத்த வேண்டியதுதான் என்றார்கள் சிலர். முருகேஸ்வரி என்கிற பெண் எழுந்து, "வாயும் வயிறுமா ஒரு புள்ள கிடக்குற வீட்டுல தண்ணியை நிறுத்துனா, அந்தப் பாவம் யாரைச் சேரும்? கட்டுப்பாடு போட்டவுக சொல்லுங்க" என்று கேட்டாள். கேள்வி மாரிக்கண்ணனைப் பார்த்துத்தான். அவர் மீசையைத் தடவினார். விட்டுவிட்டால் நாளைக்கு எல்லா வீட்டுக் குடமும் சுரைக்கொடியில் கவிழும். நிறுத்தினால் பிள்ளைத்தாச்சி வயிற்றெரிச்சல்.

காவல்காரர் சோலைதான் வழி சொன்னார். "தண்ணியைக் குடிச்சது யாரு? செடிதான? தண்டனையைச் செடிக்குக் குடுங்க. ஜக்கம்மா எருமையைக் கொல்லைக்குள்ள விட்டு மேச்சிரச் சொல்லுங்க. குடம் அதுபாட்டுக்கு நடக்கட்டும்."

ஊருக்கு அது பிடித்துவிட்டது. தங்கத்தாயை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் ஜக்கம்மாள் எருமையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சாட்சிக்குச் சோலை வந்து வாசலில் நின்றார். எலும்பு தெரிய நின்ற எருமை, தட்டிக்கு அந்தப் பக்கம் பச்சை வாடையை மோந்துவிட்டுக் கயிற்றை இழுத்தது.

"நான் இதைக் கேக்கல மதினி" என்றாள் ஜக்கம்மாள்.

"நீ கேட்டதுதான். விடு உள்ள."

தங்கத்தாய் தானே படலைத் திறந்தாள். எருமை முதலில் தண்டுக்கீரையை மொட்டையடித்தது. பிறகு கத்தரியைத் தண்டோடு கடித்தது. பூசணிக் கொடியை இழுத்தபோது பிஞ்சுகள் தரையில் உருண்டன, அதையும் ஒவ்வொன்றாகக் கடித்து நொறுக்கியது. அவரைப் பந்தலை நெற்றியால் முட்டிச் சாய்த்து, பூவும் காயுமாக வாய் நிறைய மென்றது. பாகலை மட்டும் மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போயிற்று. வீட்டுக்குள் காளீஸ்வரி சத்தம் போட்டு அழுதாள். தங்கத்தாய் அழவில்லை. சுமந்து வந்த கரம்பை மண்ணும், வெயிலில் பார்த்த பாடும், மகளுக்குக் கடைசி மாதத்துக்கென்று எண்ணி வைத்திருந்த காய்களும் கண்ணெதிரே போயின. போதாததற்கு அந்த மாடு அவளைப் பார்த்து நிம்மதியாகக் காதை ஆட்டியது.

ஜக்கம்மாள் கயிற்றைப் பிடித்தபடி தலையைக் குனிந்தே நின்றாள். "போதும், வா" என்று அவள்தான் முதலில் இழுத்தாள். எருமை வரவில்லை. அதற்கு அது போதவில்லை.

அன்று அந்த வீட்டில் யாரும் குளிக்கவில்லை. பலகை சுவரில் சாய்ந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜக்கம்மாள் செம்பு நிறையப் பாலோடு வந்து வாசலில் நின்றாள். தவசி பார்த்துவிட்டு, "வா தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். தங்கத்தாய் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"காலைல நல்லாக் கறந்துச்சு மதினி. காளிக்குக் கொண்டாந்தேன்."

"புள்ளகிட்டக் குடு."

காளீஸ்வரி அம்மாவைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து செம்பை வாங்கிக்கொண்டாள். ஜக்கம்மாள் போகாமல் நின்றாள். ஏதாவது ஏசிவிட்டாலாவது வீட்டுக்குப் போகலாம் என்று நின்றாள் போலிருக்கிறது.

"சாணி போட்டுச்சா?" என்று தங்கத்தாய் கேட்டாள்.

"எது?"

"உன் எருமைதான்."

"போடாம என்ன? தொழுவம் பூராப் போட்டு வச்சிருக்கு."

"அது என் செடி. ஒரு வறட்டி தட்டக் கூடாது, சொல்லிட்டேன். அத்தனையும் அள்ளிட்டு வந்து எம் பாத்தியில கொட்டு. இன்னைக்கு மட்டுமில்ல, இனி தெனமும்."

ஜக்கம்மாள் ஒரு கணம் விழித்தாள். பிறகு திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் தலையில் சாணிக் கூடையோடு கொல்லைப் பக்கம் வந்தாள். பாத்தி பாத்தியாகக் கொட்டிக் கையால் பரப்பினாள். அவள் முடித்துவிட்டுக் கூடையை எடுக்கும்போது, தங்கத்தாய் கழனிச் சட்டியை முகவாயால் காட்டினாள்.

"அதை எடுத்துட்டுப் போ. சட்டி வீடு வந்து சேரணும்."

ஜக்கம்மாள் சட்டியை ஒரு சொட்டுச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு போனாள்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தங்கத்தாய் சுவரில் கிடந்த பலகையை இழுத்து வந்து, அவரை நின்ற இடத்தில் போட்டாள். அங்கே சாய்ந்த பந்தல் கம்புகளும், எருமை கடித்துவிட்ட கட்டைகளும், மண்ணுக்குள் பாதி தெரிகிற கலய வாய்களும் மட்டும் இருந்தன.

"காளி, வந்து குளி. இன்னைக்கு நீ அவரைக்கு."

காளீஸ்வரி வந்து நின்று பார்த்தாள். "அவரை எங்கம்மா இருக்கு? வெறும் கட்டைல்ல கிடக்குது."

"தூரு இருக்குல்ல. உக்காரு."